தெப்பக்காரிக்கு ஏறிய போதை

குர்கிலம்பி என்ற ஊரில் ஒரு நடுக்கோடைத் திருநாளன்று ஆண்கள் எல்லோரும் வழக்கம்போலக் குடித்தார்கள். போதை மட்டும் அவர்களுடைய மனைவிமாருக்கும், மளிகைக் கடைக்காரருக்கும், போதகருக்கும், போதகரின் குதிரைக்கும் ஏறியது. பின்லாந்தில் ஏரிகளை எண்ணப் போன அதிகாரிகள் கைவிரல் கால்விரல் எல்லாம் தீர்ந்துபோய், இனி எண்ணி என்ன ஆகப்போகிறது என்று திரும்பிப் போன மூலையில் இருந்தது அந்த ஊர். மறையலாமா வேண்டாமா என்று சூரியன் யோசித்துக்கொண்டே நிற்கும் அந்த நாளில், சவுனா என்ற நீராவிக் குடிலில் வெந்து, ஏரியில் விழுந்து எழுந்து, கரையில் சொக்கப்பனை கொளுத்தி, காட்டுக்குள் காய்ச்சிய சாராயத்தை ஆளுக்கொரு போத்தலாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், எவ்வளவு குடித்தும் தலை தெளிவாகவே இருப்பதைக் கண்டார்கள். கண்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருப்பவன் போதையில் இருப்பான், அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்து, மரியாதைக்காகக் கொஞ்சம் தள்ளாடியும் காட்டினார்கள்.

அதே நேரம் ஊருக்குள், உரக்கத் தும்மக்கூட வெட்கப்படுகிற பெண்கள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடினார்கள். கடைக்காரர் கடையைத் திறந்து, வராத வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மீன் பொட்டலம் கட்டினார். போதகர் ஒரு வைக்கோல் போரின் முன்னால் நின்று, அதன் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, எல்லாவற்றையும் மன்னித்தார். குதிரை கல்லறைத் தோட்டத்துக்குள் பின்பக்கமாகவே நடந்துபோய் அங்கேயே படுத்துவிட்டது. மறுநாள் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குர்கிலம்பியில் ஒருவர் வாயைத் திறந்தால் அதற்குத் தக்க காரணம் இருக்கும். ஒரே நாளில் இரண்டாவது முறையும் திறந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்துத்தான் கடை வாசலில் ஒருவன் ஆரம்பித்தான்.

"சரக்குல தண்ணி கலந்துட்டாங்க."

காய்ச்சியவனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். "கலக்கல. எனக்கே ஏறல."

தலையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "மெதுவாப் பேசுங்கப்பா. எனக்கு ஏறினது இன்னும் இறங்கல."

எல்லோரும் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார்கள். பிறகு காய்ச்சியவன், "அப்போ வீணாப் போகல," என்றான். அந்த விஷயம் பற்றி ஊரில் நடந்த விசாரணை அவ்வளவுதான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த ஊரில் குடி ஓரிடம் போதை ஓரிடம் என்று ஆயிற்று, ஆனதை ஊர் மழையையும் பனியையும் ஏற்றுக்கொண்ட மாதிரியே ஏற்றுக்கொண்டது. யாருடைய குடி யாருக்குப் போகிறது என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மரம் அறுப்பவன் போத்தலோடு உட்காரும் நாட்களில் தபால்காரியின் சைக்கிள் கோணலாகப் போவதை ஊர் கவனித்தது, தபால்காரியும் கவனித்தாள். அவள் அவன் வாசலில் ஒரு ஜாடி வெள்ளரிக்காய் ஊறுகாயை வைத்துவிட்டுப் போனாள், அதற்குப் பிறகு அவன் தபால் இல்லாத நாட்களில் மட்டும் குடித்தான். முழங்கால் வலியில் தூங்காமல் கிடந்த ஒரு கிழவர் சாயங்காலமானால் சிரித்துக்கொண்டே கண் அயர்ந்தார்; அவருக்காக யாரோ தினமும் ஒரு சின்னக் கிண்ணம் குடிக்கிறார்கள் என்று ஊர் நம்பியது, அது யார் என்று தேடவில்லை. சாலையில் போகிறவர்களைக் கோட்டின் மேல் நடக்கச் சொல்லிச் சோதிக்கிற காவலர் ஒரு முறை வந்தார். குடித்தவன் நூல் பிடித்தாற்போல் நடந்தான், காவலருக்குத்தான் கோடு இரண்டாகத் தெரிந்தது. காரணம் என்னவென்று பக்கத்து ஊர்க்காரர்கள் போதகரிடம் கேட்டார்கள். "கானாவூர்க் கல்யாணத்துல இயேசு தண்ணியைத் திராட்சரசமா மாத்தினப்போ யாரும் காரணம் கேக்கல. குடிச்சாங்க," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

போதை வராத ஆண்களின் பாடுதான் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. பழக்கத்தை விட முடியாமல் கூடி உட்கார்ந்தார்கள், ஆனால் தெளிந்த தலையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் புதிது. காலமெல்லாம் சேர்ந்து குடித்த இரண்டு பேர், தங்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்கவே பிடிக்காது என்று அப்போதுதான் கண்டுபிடித்து, கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

இப்படி எல்லோரும் தங்களுக்கு வந்ததைத் தாங்கிக்கொண்டிருந்த ஊரில், தாங்க முடியாமல் போனது ஹெல்விக்குத்தான். ஹெல்வி தெப்பக்காரி. ஊரையும் அக்கரைச் சாலையையும் பிரிக்கிற ஏரியின் இடுக்கில், இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடுகிற மோட்டார் தெப்பத்தை அவள் ஓட்டினாள். பால் லாரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவ வலி எடுத்தவள், சவப்பெட்டி, எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். அவளுடைய அப்பா வீட்டுப் பசுவைக் குடித்தார், பிறகு வயலைக் குடித்தார், கடைசியில் தன்னையே குடித்து முடித்தார். அவரைப் புதைத்த அன்று ஹெல்வி ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், தொட்டதும் இல்லை. "ஹெல்வி கையில தெப்பம் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்" என்று ஊர் சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு சொத்து இல்லை, வேண்டியிருக்கவும் இல்லை.

திருநாள் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, நல்ல வெயில் அடிக்கிற ஒரு பிற்பகலில், அவளுக்கு முதல் முறை ஏறியது. யாருக்கு ஏறினாலும் பாட்டு வரும், சிரிப்பு வரும், இல்லையென்றால் சண்டையாவது வரும். ஹெல்விக்கு வந்தது குளிர். ஜூலை மாத வெயிலில் முழங்கால் சில்லிட்டு, பல் கிட்டி, நாக்கு தடித்து, தெப்பத்தில் வைக்கோல் வண்டியோடு நின்ற ஒருவனைப் பார்த்து அவள், "மன்னிச்சிடு," என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான், பின்னால் யாரும் இல்லை. "நான் பண்ணது தப்பு, மன்னிச்சிடு," என்றாள் மறுபடியும். இத்தனை வருஷமாக அவளிடமிருந்து 'ம்' என்பதற்கு மேல் ஒரு சொல் கேட்டிராத அவன், பயந்துபோய்த் தெப்பத்தின் மறு ஓரத்துக்கு நடந்தான்.

மன்னிப்போடு நின்றிருந்தால் ஊர் பழகிக்கொண்டிருக்கும். இரண்டாவது முறை ஏறியபோது அவள் கதவுகளைத் திறக்க ஆரம்பித்தாள். கண்ணில் படுகிற தாழ்ப்பாளை எல்லாம் நீக்க வேண்டும் என்று ஒரு தவிப்பு, கதவு மூடியிருப்பதைப் பார்த்தாலே நெஞ்சு அடைத்தது. தன் கோழிக்கூட்டைத் திறந்தாள், பக்கத்து வீட்டு ஆட்டுப்பட்டியைத் திறந்தாள், கடைக்காரரின் கிடங்கைத் திறந்தாள், உள்ளே இருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளிடம் மன்னிப்புக் கேட்டாள். தெளிந்த பிறகு அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்கவில்லை. கோழிகள் ஏரிக்கரையில் உலாத்துவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஊர் இதைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டது. அதாவது, குடிக்கிற ஒவ்வொருவரும், ஹெல்விக்குப் போவது தன்னுடைய குடிதான் என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் குடியை நிறுத்தினார்கள். வேறு ஊராக இருந்தால் ஒருவரையொருவர் கேட்டிருப்பார்கள், இல்லை ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டிருப்பார்கள். குர்கிலம்பியில் கேட்பது அநாகரிகம், பழி போடுவதற்கு நிறையப் பேச வேண்டும். மரம் அறுப்பவன் நிறுத்தினான், தபால்காரிக்கு வருவது நின்றும் ஹெல்விக்கு வருவது நிற்கவில்லை. காய்ச்சுகிறவன் நிறுத்தினான், தான் குடிப்பதை மட்டும் அல்ல, காய்ச்சுவதையே. கிழவருக்காகக் கிண்ணம் குடித்தவரும் நிறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் கிழவர் மறுபடியும் இரவெல்லாம் முனகினார்.

ஹெல்வியின் தம்பி ஊர்ஹோ அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற குடிகாரன். அவனுடையது போதகரின் குதிரைக்குப் போகிறது என்பது ஊரறிந்த விஷயம், ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் குதிரைக்குச் சர்க்கரைக் கட்டி கொண்டுபோய்க் கொடுத்து வந்தான். அவனும் ஒரு நாள் அக்காள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நிறுத்திட்டேன்," என்றான்.

"உன்னோடது குதிரைக்குல்ல போகுது?"

"நான் குடிச்ச அளவுக்கு ஒரு குதிரை பத்துமா? மிச்சம் உனக்கு வந்திருக்கும்."

ஹெல்விக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அம்மா செத்தபோதுகூட நிறுத்தாதவன் அவன். குதிரைதான் கொஞ்ச நாள் முகம் வாடி நின்றது. ஊரே வறண்டுபோயிற்று, மதுவிலக்குச் சங்கம் ஐம்பது வருஷமாகப் பிரசங்கம் பண்ணிச் சாதிக்காததை ஹெல்வியின் கோழிக்கூடு சாதித்துவிட்டது என்று போதகரே சொன்னார். ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று பிற்பகல் அவளுக்கு முழங்கால் சில்லிட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்த மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி ரவுனி, ஹெல்வியின் ஒரே தோழி. சனிக்கிழமை தோறும் இருவரும் ஹெல்வியின் சவுனாவில் ஒரே பலகையில் உட்கார்ந்து வேர்த்தார்கள். சவுனா என்றால் ஏரிக்கரையில் ஒரு மரக் குடில், உள்ளே கல் அடுக்கிய அடுப்பு. காய்ந்த கல்லின் மேல் அகப்பைத் தண்ணீரை ஊற்றினால் சீறிக்கொண்டு ஆவி எழும், அந்த ஆவியில் உட்கார்ந்து பூர்ச்ச மரத்தின் இலைக் கொத்தால் முதுகில் அடித்துக்கொள்வார்கள். அங்கேதான் பெண்கள் பிள்ளை பெற்றார்கள், அங்கேதான் செத்தவர்களைக் குளிப்பாட்டினார்கள். ஆகவே அங்கே குரலை உயர்த்தக் கூடாது, சண்டை கூடாது, முக்கியமாக ஒருவரைக் குடைந்து கேள்வி கேட்கவே கூடாது. தேவாலயத்தில் எப்படி இருப்பார்களோ அப்படி இருக்க வேண்டும். கடைசி அகப்பைத் தண்ணீரைச் சவுனாவைக் காக்கிற குட்டிப் பூதம் குளிப்பதற்காக ஊற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ரவுனியின் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சவுனா இருந்தது. அவளுடைய கணவர் ஆர்மாஸ் அதற்குள்தான், ஒரு ஜனவரி மாதத்தில், பலகையில் படுத்தபடியே செத்துக் கிடந்தார். சவுனாவில் சாவதை அந்த ஊரில் பெரிய பாக்கியமாக நினைப்பார்கள். "கொடுத்து வச்சவர். குளிப்பாட்டுற வேலைகூட யாருக்கும் வைக்கல," என்று அடக்கத்தின்போது ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு ரவுனி அந்தச் சவுனாவில் ஒரு நாளும் நெருப்பு மூட்டவில்லை, ஹெல்வியின் சவுனாவுக்கே வந்தாள். விறகை மிச்சம் பிடிக்கிறாள் என்று ஊர் நினைத்தது.

ஆகஸ்ட் மாதத்தில் அந்த விபரீதம் நடந்தது. தெப்பம் பால் லாரியை ஏற்றிக்கொண்டு ஏரியின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ஹெல்விக்கு ஏறியது. இந்த முறை அவள் போராடினாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள், உதட்டைக் கடித்தாள், ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். ஆனால் தெப்பத்தின் முன்பக்கக் கதவு மூடியிருந்தது, மூடியிருப்பதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "இதோ திறந்துட்டேன், இதோ," என்று அழுதுகொண்டே போய் அந்தக் கதவின் தடுப்புத் தடியை உயர்த்திவிட்டாள். லாரி மெல்ல உருண்டது. ஓட்டுநர் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் தன் கோட்டையும், பிறகு ஒரு பால் கேனையும், பிறகு தன் தோளையும் கொடுத்து நிறுத்துவதற்குள், முன்சக்கரம் ஒன்று வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. லாரியில் ஓட்டுநரின் ஐந்து வயது மகளும் உட்கார்ந்திருந்தாள்.

தெளிந்த பிறகு ஹெல்வி அந்தக் குழந்தையின் ஷூவைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் கரையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர், "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி," என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை சவுனாவில் அவள் ரவுனியிடம் சொன்னாள்: "தெப்பச் சாவியைத் திருப்பிக் குடுத்துடப் போறேன்."

ரவுனி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றாமலே இருந்தாள். "வேற யாரு ஓட்டுவா?"

"யாரும் வர மாட்டாங்க. தெப்பத்தை நிறுத்திடுவாங்க. ஏரியைச் சுத்தித்தான் போகணும், வரணும்."

"நீ என்ன பண்ணுவே?"

"தெரியல," என்றாள் ஹெல்வி. "ஒரு குழந்தையை ஏரியில தள்ளப் பார்த்திருக்கேன், ரவுனி. எங்கப்பாகூட அவ்வளவு தூரம் போகல."

ரவுனி தண்ணீரை ஊற்றினாள். ஆவி எழுந்து இருவருடைய முகத்தையும் மறைத்தது. அதற்குள்ளிருந்து ரவுனியின் குரல் வந்தது. "ஒரு வாரம் பொறு. நின்னாலும் நின்னுடும்."

எப்படித் தெரியும் என்று கேட்க ஹெல்விக்கு நாக்கு நுனிவரை வந்தது. சவுனாவில் கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. ஊர்ஹோவைத் தெப்பத்தில் தன்னோடு ஏற்றிக்கொண்டாள், தனக்கு முழங்கால் சில்லிட்டால் கைப்பிடியை அவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. ஒன்றும் வரவில்லை. ஹெல்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. புதன்கிழமை பிற்பகல், தெப்பம் இக்கரையில் கட்டிக் கிடக்கும்போது, முழங்கால் சில்லிட்டது. இதுவரை வந்தது எல்லாம் தூறல் என்கிற மாதிரி வந்தது.

அவள் சாவியைத் தம்பியின் கையில் திணித்தாள். போன முறை கைப்பிடியை இறுக்கிப் பிடித்து அந்தத் தவிப்போடு மல்லுக்கு நின்றவள், இன்றைக்கு முதல் முறையாக, எங்கேதான் போக வேண்டுமாம், போகட்டும் பார்க்கலாம் என்று கால்களை விட்டுவிட்டாள். கால்கள் நடந்தன. அவள் ஆட்டுப்பட்டியைத் திறந்தாள், கடையைத் திறந்தாள், பள்ளிக்கூடத்தைத் திறந்தாள், தேவாலயத்தின் பெரிய கதவைத் திறந்தாள், கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் திறந்தாள், ஒவ்வொரு கதவிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஊர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தது, யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் தாண்டிப் போன பிறகு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, திறந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போனார். கடைக்காரர் மட்டும் இரண்டு ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

ஊரின் கடைசி வீடு ரவுனியுடையது. பின்வாசல் கதவுக்கு முன்னால் வந்ததும் ஹெல்வியின் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. இவ்வளவு தூரம் அவளை இழுத்து வந்தது இந்தக் கதவுதான். அவள் அதைத் தள்ளினாள்.

சமையலறை மேஜையில் ரவுனி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு போத்தல், பாதிக்கு மேல் காலி. கையில் காபிக் கோப்பை, அதில் காபி இல்லை. மதுவிலக்குச் சங்கத்தின் வெள்ளை ரிப்பன் அவள் மார்பில் குத்தியிருந்தது, புதன்கிழமை கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அவ்வளவு குடித்தும் கண்ணில் ஒரு மயக்கமும் இல்லை, கை நடுங்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்தவளைப் போலத் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டும் குடிக்காத ஹெல்வி வாசற்படியில் தள்ளாடிக்கொண்டு நின்றாள்.

"ஹெல்வி," என்று ரவுனி எழுந்தாள். "நான் நிறுத்தத்தான் பார்த்தேன். மூணு நாள்... முடியல. எனக்கு மறக்கணும், மறக்க மாட்டேங்குது, மறுபடி ஊத்துறேன், அதுவும்..."

ஆனால் ஹெல்விக்கு அது காதில் விழவில்லை. அவள் அடுப்பங்கரையில் மண்டியிட்டு, ரவுனியின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்தது அவளுடைய குரல்தான், சொற்கள் அவளுடையவை அல்ல.

"மன்னிச்சிடு. நான்தான் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த உறைபனி ராத்திரியில நீ குடிச்சுட்டு வந்தே, தட்டினே, நான் படுக்கையில கிடந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். கெஞ்சினே. வெளியே கிடக்கட்டும், விடிஞ்சா புத்தி வரும்னு நினைச்சேன். மறுநாள் சங்கத்துக் கூட்டத்துல சொல்லிக்கலாம்னுகூட நினைச்சேன், என் வீட்டுக்குள்ள குடிகாரனை விட மாட்டேன்னு. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. சவுனாவுக்குப் போயிட்டான், படுத்துக்குவான்னு நினைச்சேன். அடுப்பு அணைஞ்சு ரெண்டு நாளாச்சுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும், ஆர்மாஸ். காலையில நான்தான் முதல்ல பார்த்தேன். ஊரு வர்றதுக்கு முன்னாடி அடுப்பை மூட்டிட்டேன். எல்லாரும் கொடுத்து வச்சவன்னாங்க. நான் தலையாட்டினேன்."

ரவுனி அசையாமல் நின்றாள். பதினோரு வருஷமாக இந்தச் சொற்கள் அவளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன, ஒரு முறைகூட வெளியே வந்ததில்லை. இப்போது அவை வெளியே இருந்து வந்தன. காலடியில் ஒருத்தி குளிரில் பல்லடிக்க, மூக்கு ஒழுக, பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பார்க்கச் சகிக்கவில்லை. இவ்வளவு வருஷமும் தன்னை ஒரு கொலைகாரியாகவே பார்த்து வந்த ரவுனிக்கு, அழுகிறவளைக் குனிந்து பார்த்தபோது அங்கே கொலைகாரி யாரும் தெரியவில்லை. கோபக்காரி ஒருத்தி தெரிந்தாள், தன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொண்ட ஒருத்தி, குடிகாரனோடு வாழ்ந்து களைத்துப்போன ஒருத்தி, ஒரு ராத்திரி தப்பாகக் கணக்குப் போட்டுவிட்ட ஒருத்தி. அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் என்று யோசிப்பதற்கு முன்பே கை அவள் தலையைத் தடவியது.

"எழுந்திரு," என்றாள். "எழுந்திரும்மா. செத்துப்போவார்னு நீ நினைக்கல. நினைச்சிருந்தா திறந்திருப்பே."

"திறந்திருப்பேன்," என்று அழுதாள் ஹெல்வி.

"தெரியும். ஓடிப்போய்த் திறந்திருப்பே. தப்புதான், பெரிய தப்புதான். ஆனா போதும். இவ்வளவு நாள் வெளியே நின்னது போதும், உள்ள வா."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்பது ரவுனிக்கு உறைத்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆர்மாஸின் சவப்பெட்டிக்கு முன்னால் கூட வராத அழுகை அப்போது வந்தது, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்திக்கு ஏன் அழுகிறோம் என்று தெரியாது, இன்னொருத்திக்கு நன்றாகத் தெரியும். ஹெல்வி அழுதபடியே தூங்கிப்போனாள். ரவுனி அவளை ஜன்னலோரப் பெஞ்சில் படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, தலைக்குத் தன் சால்வையை மடித்து வைத்தாள். பிறகு கோப்பையைக் கழுவினாள். போத்தலை மாவுப் பெட்டிக்குப் பின்னால், அது வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்தாள். கை தானாகச் செய்தது.

ஹெல்வி கண் விழித்தபோது சாயங்கால வெயில் சமையலறைக்குள் விழுந்திருந்தது. மேஜையில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் இருந்தன. தலை வலித்தது. அவள் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க எப்படி வந்தேன்?"

"நடந்து வந்தே."

"வழியில?"

"எல்லாத்தையும் திறந்துட்டு வந்தே. சாத்திட்டாங்க. ஒரு ஆட்டை மட்டும் இன்னும் தேடுறாங்க."

ஹெல்வி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டாள். "அப்போ நிக்கல. நாளைக்குச் சாவியைக் குடுத்துடறேன்." காபிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "ஏதாவது உளறினேனா?"

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது குர்கிலம்பிக்கும் பொருந்தும். ஹெல்விக்கு ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை, அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், அந்த ஊர் வழக்கப்படி ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். ஹெல்வி மேற்கொண்டு கேட்க மாட்டாள், சனிக்கிழமை சவுனாவில் அதே பலகையில் பக்கத்தில் உட்காருவாள், ரவுனி மார்பில் ரிப்பனோடு தலைவியாகவே இருப்பாள், ஆர்மாஸ் கொடுத்து வைத்தவராகவே இருப்பார். ரவுனி ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்ந்தது.

பிறகு அவள் எழுந்துபோய், மாவுப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, போத்தலை எடுத்து வந்து இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தாள். ஹெல்வி போத்தலைப் பார்த்தாள், ரவுனியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி போத்தலைப் பார்த்தாள். காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ உளறல," என்றாள் ரவுனி. "நான் சொல்ல வேண்டியதை நீ சொன்னே. இப்போ நானே சொல்றேன், கேளு."

ஒரு சொட்டுப் போதையும் இல்லாத தெளிந்த குரலில், கையை மடியில் கோத்துக்கொண்டு, அவள் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ஆர்மாஸ் கதவைத் தட்டினப்போ, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."